மூக்குச் சக்கரத்துக்கு அந்தப் பக்கம்

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது யார் என்பதில் இரண்டு கட்சி. விமான நிலையத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர், எல்லோரும் ஆமை என்று கூப்பிடுகிறவர், தான்தான் வைத்தேன் என்று அடித்துச் சொல்வார். அதெல்லாம் இல்லை, அவள் நடக்கப் பழகிய நாளிலேயே நான் வைத்தாயிற்று என்பாள் அவளுடைய அக்கா. யார் வைத்தால் என்ன, பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது.

ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடி சாப்பிடுவாள். பாதிச் சாப்பாட்டில் ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பாள், மீதியை மாடிப்படியில் முடிப்பாள். போனில் பேசினால் பேச்சு முடிவதற்குள் வீட்டை நாலு சுற்று சுற்றியிருப்பாள். விமான நிலையத்துக்கு வருவதற்கு முன்னால் அவள் பார்த்த வேலை எதுவும் நிலைக்கவில்லை. துணிக்கடையில் பில் போடும் நாற்காலி அவளைக் குத்தியது. பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். அவள் எழுந்து எழுந்து நடந்த வேகத்தைப் பார்த்து, உள்ளே என்ன கொடுமை நடக்கிறதோ என்று வந்த நோயாளிகளே நழுவிவிட்டார்கள். கல்யாணப் பேச்சும் அப்படித்தான் போயிற்று. "அவரு உக்காந்த சோபாவுலேருந்து எழுந்திருக்கவே இல்லக்கா. பார்த்துட்டு இருந்த எனக்கே கால் மரத்துப்போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா வீட்டு மாடி அறைதான் அவளுக்கு வீடு.

கீழே அக்காவும் அத்தானும். குழந்தை இல்லை. அக்காவின் கணவரை அவள் அத்தான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வேலை செய்யும் இடத்திலும் எல்லோருக்கும் அவர் அத்தானாகவே ஆகிப்போனார். விமானத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் கூட்டத்துக்கு அவர் லீடர். அவர்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "இவளுக்கு எங்க இடந்தான் லாயக்கு. அங்க உக்கார நாற்காலியே கிடையாது."

உண்மைதான். பெரிய விமான நிலையங்களில் பெட்டியை இயந்திரம் தூக்கும். இங்கே வந்து போவதெல்லாம் ஐம்பது அறுபது பேர் ஏறுகிற, இரண்டு புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானங்கள். கையால்தான் தூக்க வேண்டும். விமானத்தின் இடது பக்கம், விமானியின் ஜன்னலுக்குச் சற்றுப் பின்னால், ஆள் நெஞ்சுயரத்தில் ஒரு கதவு. அதற்குள்ளே சாமான் அறை. உள்ளே நிமிர முடியாது. முழங்காலில் தவழ்ந்தபடி பெட்டிகளை அடுக்குவது முக்கால் என்கிற குள்ளமான ஆளின் வேலை. "கடவுள் என்னை அளவெடுத்து இதுக்குன்னே தெச்சு அனுப்பியிருக்கான்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். ஆமை டிராலிகளைக் கொண்டுவந்து நிறுத்துவார். அவசரம் என்று யார் தலைகீழாக நின்றாலும் ஒரே வேகம்தான், அதனால் அவர் ஆமை. அத்தானும் பம்பரமும் டிராலியிலிருந்து எடுத்து முக்காலிடம் கொடுப்பார்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு விமானம்.

அவளுக்கு அந்த வேலை முதல் நாளே பிடித்துவிட்டது. வெயிலில் கொதிக்கிற சிமெண்டுத் தரை, எரிபொருள் நெடி, காதுக் கவசத்தையும் மீறி எலும்புக்குள் இறங்குகிற இரைச்சல், எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன. அவளோடு ஒத்துப்போகிற ஒரே இடம். பெட்டியின் கைப்பிடியைத் தொட்டதுமே உள்ளே துணி இருக்கிறதா, இரும்புச் சாமானா என்று தெரிந்துவிடும். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கினாள். பெட்டியோடு திரும்பும்போது உடம்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்தாள். இதையெல்லாம் செய்துகொண்டே அவள் கண் மட்டும் எங்கேயோ அலையும். சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்றா, ஆமை இறங்கிவிட்டாரா, முக்காலின் கால் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, எரிபொருள் வண்டி எந்தப் பக்கம். ஓர் இடத்தில் நிற்காத கண்.

அந்தக் கண் அதிகம் தேடுவது புரொப்பெல்லரைத்தான். நின்றிருக்கும்போது அது ஆளுயர இரும்புப் பூ மாதிரி பளிச்சென்று தெரியும். சுற்றத் தொடங்கினால் காணாமல் போகும். சாம்பல் நிறத்தில் புகை மாதிரி ஒரு வட்டம், அதுவும் வெளிச்சம் ஒத்துழைத்தால். இறக்கைகளின் நுனியில் மஞ்சள் பட்டை அடித்திருப்பதே சுற்றும்போது வளையமாகத் தெரியட்டும் என்றுதான். மழைக்குப் பிறகு ஈரத் தரை கண்ணைக் கூசும்போது அந்த வளையமும் தெரியாது.

அன்று அப்படி ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது.

விமானம் தாமதமாக வந்தது. வழக்கமாக வந்து நின்றதும் இரண்டு இன்ஜினையும் அணைத்துவிடுவார்கள். விளக்குக்கும் குளிர்காற்றுக்கும் மின்சாரம் கொடுக்க ஒரு வண்டி உண்டு, அதற்குக் கரண்ட் வண்டி என்று பெயர். அது பழுதாகி ஷெட்டில் கிடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் பெட்டி ஏற்றும் இடது பக்கத்து இன்ஜினை மட்டும் அணைத்து, வலது பக்கத்து இன்ஜினை ஓடவிடுவார்கள். அன்றைக்கு ஒரே சட்டம்தான்: விமானத்தின் மூக்குக்கு அடியில் இருக்கும் சக்கரத்தைத் தாண்டி யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. அந்தச் சட்டத்தை எல்லோரையும்விட உரக்கச் சொல்பவர் அத்தான்.

பாதிப் பெட்டிகள் ஏறிவிட்டன. ஒரு பெரிய பெட்டிக்கு அதன் சொந்தக்காரர் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தார். பம்பரம் தூக்கியபோது தாள் கிழிந்து ஒரு முழ நீளத்துக்குக் கழன்றது. அவள் பிடிப்பதற்குள் காற்று அதைப் பறித்துக்கொண்டு மூக்குச் சக்கரத்தின் பக்கம் உருட்டியது. ஓடுகிற இன்ஜினுக்குள் பிளாஸ்டிக் போனால் இன்ஜின் கெட்டது. அத்தான் அதைப் பார்த்தார். குனிந்து ஓடினார்.

சக்கரத்தருகே மிதித்துப் பிடித்துவிடுவார் என்றுதான் அவளும் நினைத்தாள். தாள் நழுவியது. அவர் குனிந்த தலை நிமிராமல் மூக்குக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனார்.

"அத்தான்!"

அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. கையில் இருந்த பெட்டியை எங்கே போட்டாள் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த கணம் அவளும் மூக்குக்கு அடியில் இருந்தாள். அவருடைய ஆரஞ்சு மேல்சட்டையின் முதுகை இரண்டு கையாலும் அள்ளி, தன் எடை முழுவதையும் பின்னால் போட்டு இழுத்தாள். அவர் கால் வழுக்கியது. இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். அவர் தோள் மூக்குச் சக்கரத்தின் இரும்பில் மோதியது. விழும்போது தாள் எங்கேயோ தூரத்தில் பொடிப்பொடியாகப் பறப்பதை அவள் பார்த்தாள்.

ஆமை டிராலியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பியபோது இரண்டு பேர் சக்கரத்தடியில் கிடந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஓடினார். விமானிக்குத் தெரிகிற இடத்தில் நின்று கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னார். முக்கால் சாமான் அறைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன், என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. மேல்கையிலும் ஒரு முறிவு.

மருத்துவமனைக்கு வந்த டியூட்டி மேனேஜரிடம் அத்தான் சொன்னார்: "தாளைப் பிடிக்கச் சக்கரம் வரைக்கும் போனேன் சார். அங்க நின்னுட்டேன். இவ எதைக் கண்டு பயந்தாளோ, பின்னாலேருந்து இழுத்துத் தள்ளிட்டா."

அவள் அங்கேதான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். வலியில் உளறுகிறார் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும்.

மேனேஜர் கெட்டவர் இல்லை, கடிகாரத்தைப் பார்த்தே கழுத்து வளைந்துபோன மனிதர். அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"அவர் சக்கரத்தைத் தாண்டினதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். தாண்டி ரெண்டு எட்டு வெச்சுட்டார். இன்னும் ஒரு எட்டு வெச்சிருந்தா..."

"வேற யாராவது பார்த்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. முக்கால் உள்ளே இருந்தான். ஆமை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். விமானிகள் தங்கள் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டடத்து மூலையில் இருந்த கேமராவை விமானத்தின் வயிறு மறைத்தது. எல்லோரும் பார்த்தது ஒன்றுதான்: அத்தான் விழுந்து கிடந்த இடம் மூக்குச் சக்கரத்துக்கு இந்தப் பக்கம். அவள் அவ்வளவு நன்றாக இழுத்திருந்தாள். நன்றாக இழுத்ததே அவளுக்கு எதிராகப் பேசியது.

"அவருக்கு இத்தனை வருஷ சர்வீஸ். ஒரு கீறல் பட்டதில்லை. நீங்க கொஞ்சம்... எப்பவும் பரபரப்பா இருக்கிறவங்கன்னு எல்லாருமே சொல்றாங்க" என்றார் மேனேஜர், மேசையைப் பார்த்தபடி. "கொஞ்ச நாள் வெளியில வேண்டாம். உள்ள பெட்டி பிரிக்கிற இடத்துல இருங்க."

பெட்டி பிரிக்கும் அறையில் ஜன்னல் இல்லை. பயணிகள் கொடுத்த பெட்டிகள் ஒரு பட்டையில் ஊர்ந்து வரும். அவற்றை ஊர்வாரியாக டிராலியில் அடுக்க வேண்டும். வெளியே போகும் வழியில் ரப்பர் கீற்றுகள் தொங்கின. விமானம் வந்தால் சத்தம் மட்டும் உள்ளே வரும். இடது இன்ஜின் அடங்குகிறது. வலது அடங்குகிறதா? அவள் கையில் பெட்டியோடு நின்று காதைத் தீட்டிக்கொள்வாள். அடங்கவில்லை. கரண்ட் வண்டி இன்னும் சரியாகவில்லை. பெட்டியைப் போட்டுவிட்டு ரப்பர் கீற்றை விலக்கிப் பார்ப்பாள். யார் எங்கே நிற்கிறார்கள், ஒன்று, இரண்டு, மூன்று. அத்தானுக்குப் பதிலாக வந்த ஆளுக்கு ஓட்டம்தான் தெரியும், பார்வை தெரியாது. திரும்பி வந்தால் பட்டையில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மல்யுத்தம் செய்துகொண்டிருக்கும்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். அத்தானுக்கு அக்காதான் சட்டை மாட்ட வேண்டும், சோறு பிசைந்து கொடுக்க வேண்டும், முதுகு தேய்க்க வேண்டும். அக்கா தங்கையிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசாமல் இருக்க முடியாத நேரத்தில் சுவரிடம் பேசினாள். "ஒரு வார்த்தை கூப்பிட்டு நிறுத்தக் கூடாதா? கையை ஒடிச்சுத்தான் நிறுத்தணுமா?"

"கூப்பிட்டேன்க்கா. காதுல கவசம் மாட்டியிருந்தார். இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சு."

"நின்னுட்டேன்னு அவரே சொல்றாரே. அவர் காலு எங்க இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்விதான் அவளை அரிக்கத் தொடங்கியது. தெரியுமா? அவள் பார்த்தாளா, அல்லது பயம் பார்த்ததா? எப்போதும் எதையாவது எதிர்பார்த்து அலைகிற கண், இல்லாததை உண்டாக்கிக்கொண்டதா? ஒரு மனிதரின் கையை, சோறு போடுகிற வீட்டு மனிதரின் கையை, சும்மா ஒடித்துவிட்டாளா?

விடுமுறை நாளில் மொட்டை மாடியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தாள். அது மூக்குச் சக்கரம். துணி காயப்போடும் கம்பம் புரொப்பெல்லர். வாளிக்கு இந்தப் பக்கத்திலிருந்து குனிந்து ஓடினாள். நின்றாள். மறுபடியும் ஓடினாள். அத்தானின் கால் நீளம் அதிகம் என்று நினைவு வந்து, எட்டைப் பெரிதாக வைத்துப் பார்த்தாள். ஒருமுறை வாளிக்கு முன்னாலேயே நின்றது. இன்னொருமுறை கம்பத்தில் தலை இடித்தது. எத்தனை தடவை ஓடியும் அந்தக் கணம் கையில் சிக்கவில்லை.

"என்னடி பண்றே?" படியில் ஈரத் துணிக் கூடையோடு அக்கா நின்றிருந்தாள். பேச்சை நிறுத்திய பிறகு அவள் நேருக்கு நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"ஒண்ணுமில்லக்கா."

"வாளி உடையப் போவுது." அக்கா துணியை உதறி உதறிக் கம்பியில் போட்டாள். முகம் வியர்த்துக் களைத்திருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் என்கிற நிலை போலிருக்கிறது, தங்கையைப் பார்க்காமலே புலம்பினாள். "இந்தப் புழுக்கத்துல ஒரு மனுஷி எப்படித் தூங்குறது? ஃபேன் போட விடமாட்டேங்கிறார். மருத்துவமனையிலேருந்து வந்த நாளா இதே ரகளை. போட்டா எழுந்து உக்காந்துக்கறார். ஹால்ல போட்டாக்கூட, அந்தப் பக்கம் வராம சமையலறை வழியா சுத்திப் போறார். கேட்டா சத்தம் பிடிக்கலையாம். சட்டை எல்லாம் நனைஞ்சு, கட்டுக்குள்ள அரிச்சு..."

அவள் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பம்பரத்தின் காதில் விழவில்லை. வாளியை அப்படியே விட்டுவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

அறையில் ஜன்னல் திறந்திருந்தும் காற்று அசையவில்லை. அத்தான் தலையணையில் சாய்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்து வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"ஃபேன் போட விடமாட்டேங்கிறீங்களாமே, அத்தான்."

"சத்தம்."

"போன மாசம் வாங்கின ஃபேன். சத்தமே வராது."

 அவள் சுவிட்ச் மேல் விரலை வைத்தாள். "போடவா?"

"வேண்டாம்."

"கொஞ்சமா வெக்கிறேன்."

"வேண்டாம்னு சொல்றேன்ல!" நல்ல கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது.  அவருடைய உள்ளங்கையை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், பெட்டிக் கைப்பிடிகள் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கை. அது இப்படி முகத்தை மறைத்து அவள் பார்த்ததில்லை.

விரலை எடுத்துவிட்டாள். ஜெயித்துவிட வேண்டும் என்றுதான் படியிறங்கி வந்தாள். இப்போது கட்டிலுக்கு எதிரே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

அத்தான் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"அங்க ஒண்ணுமே இல்லை, தெரியுமா. நானும் எத்தனை வருஷமாச் சொல்றேன், சுத்தும்போது தெரியாது, தெரியாதுன்னு. ஆனா இப்படித் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. வேலி தெரிஞ்சுது. வேலிக்கு அந்தப் பக்கம் புல்லு வெட்டுற ஆள் நின்னது தெரிஞ்சுது. தாள் எனக்கு முன்னால அந்தரத்துல ஒரு நிமிஷம் நின்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் இல்லை. எங்கடா போச்சுன்னு பார்க்க இன்னொரு எட்டு வெக்கக் காலைத் தூக்கிட்டேன். தூக்கின காலு தரையில படலை. நீ இழுத்துட்டே."

அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். 

"அப்புறம் ஏன் அத்தான் மேனேஜர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"முதல்ல வாயில வந்துடுச்சு. வலி, மயக்கம், பயம், என்னன்னு சொல்றது. மூக்கைத் தாண்டாதேன்னு எல்லாரையும் திட்டுறவன் நான். நானே தாண்டினேன்னு எப்படிச் சொல்வேன்? அன்னிக்கே மாத்திச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஒரு நாள் போச்சு, ரெண்டு நாள் போச்சு. அதுக்கப்புறம் பொய் கெட்டியாயிடுச்சு. உடைக்க முடியலை."

"என்னைப் பைத்தியக்காரின்னு நினைக்க வெச்சுட்டீங்க. நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்."

 வாசற்படியில் சத்தம் கேட்டது. காலிக் கூடையை இடுப்பில் வைத்தபடி அக்கா நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தில் இருந்தது கோபமா அழுகையா என்றும் தெரியவில்லை.

"இத்தனை நாளா அவளைப் பேசின பேச்சை எல்லாம் நான் இப்ப எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?" என்றாள் கணவரைப் பார்த்து. "சொல்லுங்க. எங்க கொட்டுறது?"

அன்று முதல் அக்காவின் பேச்சு நின்றது அத்தானோடு. சோறு மட்டும் பிசைந்து கொடுத்தாள், அதையும் கொஞ்சம் வேகமாகவே.

மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பெண்களும் அவரிடம் கேட்கவில்லை. "அவராப் போகட்டும். தள்ளிவிட்டுப் போனா அது போனதாகாது" என்றாள் அக்கா. பம்பரமும் சரி என்றாள். ஆனால் சரி என்று சொல்வது வேறு, காத்திருப்பது வேறு. காலையில் அவர் வெளியே போகச் சட்டை மாட்டச் சொல்வாரா என்று பார்ப்பாள். சொல்லமாட்டார். வேலைக்குப் போய் ரப்பர் கீற்றுக்குப் பின்னால் நிற்பாள். இடது இன்ஜின் அடங்கும். வலது அடங்காது. மறுபடியும் ஆட்களை எண்ணுவாள்.

அவளுக்குள் ஒன்று நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிற்று. இத்தனை வருஷம் பார்த்த அத்தானுக்கே அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால், ஓட்டம் மட்டும் தெரிந்த அந்தப் புது ஆளுக்கு என்ன தெரியும்? இன்னொரு தாள் பறக்க எவ்வளவு நேரமாகும்?

ஒரு மத்தியானம் வெயில் தரையில் பட்டுக் கண்ணாடியாய் அடித்தது. விமானம் வந்து நின்றது. வலது புரொப்பெல்லர் இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. புது லீடர் தொப்பி போட்டிருந்ததை அவள் கீற்றின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். தொப்பி. காற்றில் பறக்கிற தொப்பி.

கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். பட்டையை நிறுத்தினாள். கீற்றை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். ஓடவில்லை, ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் ஓடக் கூடாது. நேராக மூக்குச் சக்கரத்துக்குப் போய், அதற்கு முதுகைக் காட்டி, பெட்டி ஏற்றுகிறவர்களைப் பார்த்தபடி இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

புது லீடர் கையை ஆட்டி ஏதோ கத்தினான். அவள் தன் தலையைத் தொட்டுக் காட்டி, தொப்பியைக் கழற்றச் சொல்லிச் சைகை செய்தாள். முக்கால் சாமான் அறையிலிருந்து எட்டிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். ஆமை டிராக்டரிலிருந்து இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல், அவன் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டார். கடைசிப் பெட்டி ஏறிக் கதவு மூடும்வரை அவள் நகரவில்லை. அவள் வாழ்க்கையில் அத்தனை நேரம் ஓரிடத்தில் நின்றது அதுதான். உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. தொடை துடித்தது. இருந்தாலும் நின்றாள்.

உள்ளே பட்டை நின்றதில் அடுத்த விமானத்துப் பெட்டிகள் குவிந்து, அந்த விமானமும் தாமதமாயிற்று. மேனேஜர் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு வெளியில போனீங்க?"

"யாரையும் கேக்கலை சார்."

"நாளைக்கு வர வேண்டாம். நான் கூப்பிடும்போது வாங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் அக்காவிடம் சொன்னபோது குரலை அடக்கவில்லை. அறைக்குள்ளே அத்தானுக்கும் கேட்டிருக்கும். அவள் மாடிக்குப் போய், கீழே வந்து, மறுபடி மாடிக்குப் போய், பொழுதை எப்படியோ தள்ளினாள்.

காலையில் கீழே வந்தபோது அத்தான் சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால் தானே மாட்டியதில் பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. அக்கா அவரை நிறுத்தி எல்லாவற்றையும் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அப்போதும் பேசவில்லை. அவர் தெருமுனைவரை நடந்து ஆட்டோ பிடித்துப் போனார்.

அங்கே என்ன பேசினார்கள் என்று பிற்பாடு ஆமைதான் சொன்னார். அத்தான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். மேனேஜர் மட்டுமல்ல, முக்காலும் ஆமையும் புது லீடரும்கூட வர வேண்டும் என்று கேட்டு, எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: "நான் தாண்டினேன். அவ இல்லைன்னா என் தலை இருந்திருக்காது. அதை மறைச்சேன்." மேனேஜர் பிறகு, "கரண்ட் வண்டியைச் சரிபண்ணச் சொல்லி நானும் கெஞ்சிட்டுத்தான் இருக்கேன். ஆனா இன்ஜின் ஓடும்போது ஏத்தச் சொன்னது நான்தானே" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாராம்.

அதன் பிறகு நடந்தவை சட்டென்று நடந்தன. இன்ஜின் ஓடினால் மூக்குச் சக்கரத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், அவர் பெட்டியைத் தொடக் கூடாது, அவர் கை காட்டினால்தான் மற்றவர்கள் நகரலாம் என்று ஏற்பாடாயிற்று. முதல் ஆளாகப் பம்பரத்தைப் போட்டார்கள். "பம்பரத்தை ஆணி அடிச்சு நிறுத்திட்டாங்கடா" என்று முக்கால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். லீடர் வேலை ஆமையிடம் போயிற்று. ஆரம்பத்தில் எல்லா விமானமும் தாமதம். ஆமை கவலைப்படவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு தலையைச் சொறியத் தொடங்கினார்.

அத்தானின் எலும்பு கூடியது, ஆனால் கை காதுக்கு மேலே எழவில்லை. லீடர் பதவியும் வெளி வேலையும் போய், பெட்டி பிரிக்கும் அறை அவருக்குக் கிடைத்தது. ரப்பர் கீற்றுக்குப் பின்னால் இப்போது அவர் நின்றார். அவளிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. ஆனால் சில நாட்களில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் கோபம் மூளும். தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். அக்கா பின்னாலேயே வந்து படியில் உட்காருவாள்.

"அந்த வேலையே வேண்டாம்டி. ரெண்டு பேரும் விட்டுடுங்களேன். எனக்குத் தினமும் வயித்துல நெருப்பு."

"விட்டுட்டு?"

"ஏதாவது உக்காந்து பார்க்கிற வேலை..." என்று ஆரம்பித்த அக்கா, தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சிரித்துவிட்டாள். வெகு நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூப்பிட்டேன்னு நீ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்டி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அத்தானால் இன்னும் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. அவள்தான் ஓட்டுவாள், அவர் பின்னால் உட்காருவார். "லாரி வருது. மெதுவா. ஏன் இந்த ஓட்டம்? வலது பக்கம் பாரு" என்று வழியெல்லாம் லீடர் வேலை நடக்கும். "சும்மா வாங்க அத்தான்" என்று அவளும் வழியெல்லாம் பதில் சொல்வாள். கரண்ட் வண்டி சரியாகி வந்து, மறுபடி கெட்டு, மறுபடி ஷெட்டுக்குப் போயிருந்தது.

ஒருநாள் விமான நிலைய வாசலுக்குள் நுழைந்துகொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே விமானம் இறங்கியது. சீக்கிரம் வந்துவிட்டது. சக்கரத்தில் நிற்க ஆள் போயிருக்கிறாரா? ஆமை வந்துவிட்டாரா? அவள் நிறுத்துமிடத்தில் பிரேக் போட்டாள், இறங்கினாள், ஹெல்மெட்டைக் கழற்றி அவர் மடியில் திணித்தாள், வேலியோர நடைபாதையில் ஓட ஆரம்பித்தாள்.

சாய்கிற வண்டியை ஒற்றைக் கையால் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றித் தடுமாறிக்கொண்டு அத்தான் பின்னாலிருந்து கத்தினார்: "ஏம்மா! ஸ்டாண்டையாவது போட்டுட்டுப் போ!"

அவள் அதற்குள் ஊழியர்கள் வாசலைக் கடந்திருந்தாள்.